நம்ம பக்கம்தான் போயிருக்கும்

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் மேஸ்திரி மாமாதான். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். உப்பளத்தில் வரப்பு உடைந்தாலும் சரி, கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோனாலும் சரி, யார் சட்டையை யார் பிடிப்பது என்று ஆட்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வந்து நின்று, "தப்பு நம்ம பக்கம்தான்" என்று முடித்துவிடுவார். அதற்கு மேல் சண்டை போட யாருக்கு மனசு வரும்? முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோவார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. ஆட்களைப் பிரித்து வேலைக்கு விடுவது, பாத்திக்குத் தண்ணீர் கட்டுவது, குவித்த உப்பை லாரியில் ஏற்றி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் குள்ளம், தொண்டை பெரிசு. பாத்தியின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும். அவருக்குப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எனக்கு அவர் மேஸ்திரி மாமா, ஊருக்கு மேஸ்திரி.

ஒருமுறை ஒரு பாத்தியின் வரப்பு உடைந்து விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. பக்கத்துப் பாத்திக்காரன்தான் வெட்டிவிட்டான் என்று உப்பு வாரும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மாமா குறுக்கே போய், "நிறுத்துங்கப்பா. மடைய நான்தான் சரியா அடைக்கல. அடிக்கிறதுன்னா என்னை அடிங்க" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முந்தின நாள் முழுக்க அவர் பெண்சாதியை அழைத்துக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் பலகையைக் கீழே போட்டார்கள்.

பெருமுக்கல்லில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் இலையை மடிக்காமல் எழுந்துவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். மாமா பந்திக்கு நடுவில் போய், "என்னைத் திட்டுங்கய்யா. முதல் பந்தியில உக்காந்து நான் ஒருத்தனே குண்டானக் காலி பண்ணிட்டேன்" என்றாரே பார்க்கணும்! கோபமாக எழுந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாமா அன்றைக்கு இன்னும் சாப்பிடவே இல்லை.

அவர் சொன்ன பொய் எல்லாம் இந்த ஒரே ரகம்தான். ஊரில் கிண்டல் செய்வார்கள். "மேஸ்திரி, நேத்து கரண்ட் போனது உங்களாலதானா?" என்று கேட்பார்கள். "ஆமாம்பா, ஃபேன கொஞ்சம் வேகமா வெச்சிட்டேன்" என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பெல்லாம் அவர் என் பிரவுசிங் சென்டருக்கு வர ஆரம்பிக்கும்வரைதான்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷக் கடைசியில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் இந்தப் பக்கம் என் கடை, எதிரே எங்கள் வீடு. டெலிபோன் லைன் இருந்தது வீட்டில். ரோட்டுக்கு மேலே ஒயர் இழுத்தேன். வைக்கோல் ஏற்றி வந்த வண்டி அதைச் சுருட்டிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் போனது. ஒயரே வேண்டாத ரௌட்டர் பாண்டிச்சேரியில் கிடைக்கிறது என்றார்கள். வாங்கி வந்து வீட்டு ஜன்னலில் வைத்தேன். அங்கிருந்து சிக்னல் ரோட்டைத் தாண்டி கடைக்கு வரும். வரும் என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள்.

அது வந்த லட்சணத்தை என்னவென்று சொல்வது! உப்பு லாரி ஒன்று டீக்கு நின்றால் நெட் போய்விடும், லாரி கிளம்பினால் வரும். கடல்காற்று பலமாக அடித்த மறுநாள் ஆன்டெனா திருகில் களிம்பு ஏறி சிக்னல் நொண்டும். போதாததற்கு எங்கம்மா வேறு ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகுவார். "ஏம்மா பிடுங்கின?" என்றால், "அது சும்மா மின்னிக்கிட்டுதானே இருக்குது, சட்னியா அரைக்குது?" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் ரோட்டைத் தாண்டி ஓடுவேன். எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பேன், அணைப்பேன், கொஞ்சம் பொறுத்துப் போடுவேன், திருகைத் துடைப்பேன், திரும்ப ஓடி வருவேன். நாய் பட்ட பாடு.

மேஸ்திரி மாமாவின் ஒரே மகன் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கோட்டக்குப்பத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்குச் சாயங்காலம் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலைத்துண்டோடு, சாட்டில் மகனோடு பேசக் கடைக்கு வந்துவிடுவார். துண்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொள்வார். "டேய், சாப்பிட்டியாடா?" என்று அவர் கத்துகிற கத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கண்டக்டர், "சாப்பிட்டேன் மேஸ்திரி!" என்று பதில் சொல்வார். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பையன் கேமரா போட்டான். விட்டுவிட்டுத் தெரிந்த படத்தில் அவன் முகமும், முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய மணல் மூட்டைகளும் தெரிந்தன. டிவியில் சண்டைச் செய்தி காட்டும்போது அந்த மாதிரி மூட்டைகளை அப்போது நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா டிவி பார்க்கிற ஆள் இல்லை. மணல் மூட்டை என்றால் அவருக்கு ஒரு அர்த்தம்தான்.

"ஏண்டா, அங்க எந்த மடைடா உடைஞ்சிடுச்சி? இவ்ளோ மூட்ட அடுக்கி வெச்சிருக்கீங்க?"

அவன் திரும்பி மூட்டைகளைப் பார்த்தான். பிறகு, "ஆமாம்ப்பா, தண்ணி வரும்னு சொன்னாங்க" என்றான்.

"அடியில ரெண்டு வரிசைய குறுக்க போடச் சொல்லுடா. இப்படி நெட்டா அடுக்கினா சரிஞ்சிடும்."

"சரிப்பா."

அப்போது அவனுக்குப் பின்னால் இரும்புத் தொப்பி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு நடந்து போனான். மாமா அதைப் பார்த்தார். மூட்டையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"பாப்பா, இது குவைத்து இல்லதானே?"

"பக்கத்து நாடு மாமா. லோடு ஏத்திக்கிட்டு அங்க போயிட்டு வருவாங்கபோல."

"சண்ட நடக்குதே, அந்த ஊரா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஹெட்போன் ஒயரைச் சுருட்டி கீபோர்டின் மேல் வைத்தார். "நான்தான் அவன டிரைவிங் கத்துக்கச் சொன்னேன்" என்றார். பிறகு, "உங்க அத்தைகிட்ட சொல்லிடாத பாப்பா. அவ செத்துடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கும் கிலி பிடித்துக்கொண்டது. பேச்சின் நடுவில் நெட் போகும். பையனின் படம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். மாமா மூச்சுவிடாமல் என்னைப் பார்ப்பார். "எந்தப் பக்கம் போச்சு பாப்பா?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் உதடு காய்ந்திருக்கும். நான் வாசலுக்கு ஓடுவேன். ரோட்டில் உப்பு லாரி நின்றால், "நம்ம பக்கம்தான் மாமா, லாரி நிக்குது!" என்று அங்கிருந்தே கத்துவேன். "அப்பாடா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அந்த லாரி டிரைவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடுவார். அவன் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போவான். எங்கம்மா மிக்ஸி போட்டிருந்தால் இன்னும் சந்தோஷம். "அம்மா சட்னி அரைக்கிறாங்களா? அரைக்கட்டும், அரைக்கட்டும். நல்லா அரைக்கட்டும்."

உலகத்தில் நெட் கெட்டுப்போனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவராகத்தான் இருப்பார்.

இப்படித் தவிக்கிறாரே என்று ஒரு நாள் நான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். "மாமா, இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். அவன் பேச்சு நின்னுடுச்சின்னா, நெட்டுல வேற ஏதாவது ஒரு வெப்சைட்டத் தொறந்து பாருங்க. தொறக்கலன்னா கோளாறு நம்மகிட்ட. தொறந்துச்சின்னா நம்மகிட்ட ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கம்தான்."

சொல்லிக்கொண்டே நான் செய்துகாட்டப் போனேன். அவர் சட்டென்று தன் கையை மௌஸ் மேல் வைத்து மூடிக்கொண்டார். உப்பில் வெந்து வெடித்த கை. "வேணாம் பாப்பா. அதத் தொறக்காத" என்றார். அதட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவர் என்னை அதட்டியதே இல்லை.

மற்ற வாடிக்கையாளர்கள் அவர் மாதிரி இருப்பார்களா? "இது நெட்டா, இல்ல வெட்டா?" என்று ஏசினார்கள். எனக்கும் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ரௌட்டரை மாடி அறைக்கு மாற்றினேன். லாரிக்கு மேலே தலை நீட்டுகிற உயரத்தில் ஆன்டெனாவைக் கட்டி, பழைய திருகை எடுத்துப் புதுசு போட்டு, உப்புக்காற்று படாமல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்தேன். அம்மாவின் மிக்ஸி எட்டாத இடத்தில் பிளக். அதற்குப் பிறகு எத்தனை லாரி நின்றாலும் நெட் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா ஒரு தடவைகூட அறுபடாமல் மகனோடு பேசினார். பேசி முடித்ததும் சந்தோஷப்படுவார் என்று நானே பக்கத்தில் போய் நின்றேன்.

"எதுக்கு பாப்பா சரி பண்ண?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? ஊரே திட்டுது."

"சரிதான். இனிமே போச்சின்னா எந்தப் பக்கம்னு சொல்லுவ?"

மாடு மாதிரி உழைத்திருக்கிறேன், மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போதுதான் அவர் கேட்டது உறைத்தது. எதிரில் ஒரு உப்பு லாரி டீக்கு நின்றிருந்தது. இனிமேல் அதைக் காட்டி நம்ம பக்கம்தான் என்று நான் சொல்ல முடியாது.

அது நடந்தது வெயில் காலத்தில், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயம். கடையில் நாங்கள் மூன்று பேர். நான், மாமா, பக்கத்து சிஸ்டத்தில் ஒரு டீச்சர். டீச்சர் தன் மகளுக்கு வந்த வரனின் ஜாதகத்தைப் போட்டுப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஏதோ வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரையும் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. திடீரென்று, "அப்பா, ஒரு நிமிஷம் இரு, வெளிய என்னமோ" என்றான். தடார் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது.

"லாரி நிக்குதா பாரு பாப்பா."

வாசலுக்கு ஓடினேன். ரோடு காலியாக இருந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை.

"அம்மா மிக்ஸி போட்டாங்களா?"

அம்மா எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த டீச்சர் கை தட்டிக்கொண்டு, "எனக்கு நல்லா வருதே! பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்குதுங்க!" என்றார்.

அந்த அம்மாள் மேல் தப்பே இல்லை. அவருக்கு என்ன தெரியும்? மாமா டீச்சரின் திரையை எட்டிப் பார்த்தார். பக்கம் திறந்து கட்டம் கட்டமாக ஜாதகம் அழகாக வந்திருந்தது. அவர் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எழுந்து ரோட்டைத் தாண்டிப் போனார். அம்மா ஏதோ கேட்டார், அவர் பதில் சொல்லாமல் வெளிப் படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டீச்சர், "அய்யய்யோ, போச்சே!" என்றார்.

மாமா திரும்பி வந்து தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"நெட்டு போச்சா பாப்பா?"

"போச்சு மாமா."

"நம்ம பக்கம்தானே?"

"ஆமாம் மாமா. நம்ம பக்கம்தான்."

"தப்பு நம்ம பக்கம்தான்" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிஜமாகவே அவர் கையால் செய்தது அது ஒன்றுதான்.

அந்த பிளக்கை நான் திரும்பச் சொருகவில்லை. சொருகலாம் என்று மாடிக்குப் போவேன், கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். சொருகி, சாட்டில் அவன் பெயர் வராமலே போனால்? கடை வாசலில் 'நெட் வேலை செய்யவில்லை' என்று எழுதித் தொங்கவிட்டேன். அம்மா, "பைத்தியமாடி உனக்கு? யாராவது பொழப்ப இப்படிக் கெடுத்துக்குவாங்களா?" என்று திட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவரும் மாடிப் பக்கம் போகவில்லை.

மாமா தினமும் சாயங்காலம் வந்தார். வெள்ளிக்கிழமை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. "சரியாயிடுச்சா?" என்பார். "இல்ல மாமா, பார்ட்டு வரணும்" என்பேன். "அவசரமில்ல, மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அணைந்துகிடந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார். பேப்பரில் அந்த நாட்டில் லாரி டிரைவர்களைக் கடத்திய செய்தி வந்தால், நான் அந்தப் பக்கத்தை மடித்து நாற்காலிக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் அத்தையே வந்துவிட்டார். "என்னம்மா, இன்னும் மிஷின் சரியாவலயாமே? புள்ள குரலக் கேட்டு எத்தினி நாளாவுது" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வாரம் சரியாயிடும் அத்தை" என்றேன். அவர் நம்பி, எனக்குக் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கருவாட்டை என்னால் தொட முடியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து அம்மா கத்தினார். "ஏய், மேஸ்திரியக் கூட்டியா! பையன் போன்ல! போன்ல இருக்கான்டி!"

ரௌட்டர் செத்துக்கிடந்தாலும் டெலிபோன் உயிரோடுதான் இருந்தது. அந்த நம்பரை அவசரத்துக்கு என்று நானே அவனுக்குக் கொடுத்திருந்தேன். மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். பேசவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பையன் அலறுவது பக்கத்தில் நின்ற எனக்கும் அம்மாவுக்கும் கேட்டது.

"அப்பா! அப்பா! அங்க திரும்பத் தண்ணி வந்துடுச்சாப்பா? யாராவது பேசுங்களேன்! அப்பா!"

மாமா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு இங்க ஜெனரேட்டர் வெடிச்சிடுச்சிப்பா. மறுநாளே சரி பண்ணிட்டாங்க. நெட்டுல வந்து பாத்தா உங்க பக்கம் ஆளே இல்ல. தினம் வந்து பாக்கறேன், தினமும் இல்ல. போன் பண்ண விடமாட்டேன்னுட்டானுங்க, இன்னிக்குத்தான் விட்டானுங்க. கடல் திரும்ப வந்து ஊரே போயிடுச்சின்னு..." அவனுக்கு அதற்கு மேல் வரவில்லை, தேம்பினான். "அம்மா எங்கப்பா?"

"இருக்கா."

"வீடு?"

"இருக்குதுடா."

"கடை அக்கா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பக்கத்துலதான் நிக்குது. எல்லாரும் இருக்கோம்டா. நெட்டு மட்டும்தான் இல்ல. நான்தான் பிளக்கப் பிடுங்கிப் போட்டேன்."

"நீயா? எதுக்குப்பா?"

மாமா சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். டெலிபோன் ஒயர் எட்டாமல் இழுத்தது. அம்மா போனையே தூக்கிக் கீழே அவர் பக்கத்தில் வைத்தார்.

"பயமா இருந்துச்சுடா," என்றார். "இப்பவும் பயமாத்தான் இருக்குது. வந்துடு கண்ணு."